இடது மேலறையின் எல்லைகள்

இருதயத்தின் நான்கு அறைகளுள், மார்பை முன்புறமாகத் திறந்து நோக்கும் அறுவை வைத்தியரின் கண்ணுக்குக் கடைசியாகத் தென்படுவது இடது மேலறை. முதுகெலும்பை நோக்கிப் பின்தள்ளி, உணவுக்குழலின்மேல் சாய்ந்தாற்போல் அமைந்திருக்கும் இச்சிறு அறை, நுரையீரல்களிலிருந்து பிராணவாயு ஏற்று வரும் இரத்தத்தை வாங்கிக் கீழறைக்குக் கொடுத்துவிடும் ஓர் இடைவழி மண்டபம் என்ற அளவிலேயே நெடுங்காலம் மதிக்கப்பட்டு வந்தது. அத்தகைய அறையின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் மில்லிமீட்டர்க் கணக்கில் அளந்து பார்க்க வேண்டிய அவசியத்தை இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே வைத்தியர்களுக்கு உண்டாக்கியது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று அவர்கள் வழங்கும் மேலறை உதறல் நோயும், அதற்காகச் செய்யப்படும் அப்லேஷன் என்னும் சிகிச்சையுமாகும்.

தொடையிலுள்ள பெருஞ்சிரை வழியாக இருதயத்துக்குள் செலுத்திய கதீட்டர் என்னும் மெல்லிய குழலின் நுனியால், தசையின் குறிப்பிட்ட சில இடங்களைச் சுட்டோ உறையவைத்தோ தழும்பாக்கிவிடுவதே அப்லேஷன். தழும்பின் வழியே மின்தூண்டல் செல்லாது. ஆகவே கெட்ட தூண்டல் பிறக்கும் இடத்தைச் சுற்றித் தழும்பால் வேலியிட்டுவிட்டால், அது வேலிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். தத்துவம் இவ்வளவு எளியதாயினும், வேலியை எங்கே இடுவது என்ற வினா எளிதில் தீர்வதாக இல்லை. இச்சிகிச்சையின் வரலாற்றில் முன்னேற்றம் என்று சொல்லத்தக்கவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஆராய்வோமாயின், கருவிகளின் வலிமையைக் காட்டிலும், மேலறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதற்கப்பால் இருப்பது யாது என்ற அறிவே அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மூலமாயிருந்தமை புலப்படும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயைப் பற்றிய இரு கருத்துகள்

ஒழுங்கான துடிப்பு, மேற்பெருஞ்சிரையும் வலது மேலறையும் கூடுமிடத்திலுள்ள சைனஸ் கணுவில் பிறக்கிறது. 1907-ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் ஆகிய இருவரும் கண்டறிந்த இக்கணுவிலிருந்து எழும் தூண்டல், வலது மேலறையெங்கும் பரவி, 1916-இல் பாக்மன் விவரித்த தசைக்கற்றை முதலிய பாலங்களைக் கடந்து இடது மேலறையை அடைகிறது. பின்னர், ஜப்பானிய அறிஞரான சுனாவோ தவாரா 1906-இல் விவரித்த இடைக்கணுவில் சற்றே தயங்கி நின்று, கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறை உதறலில் இவ்வொழுங்கு முற்றும் குலைந்து, மேலறைத் தசை நிமிஷத்துக்கு 350 முதல் 600 வரையிலான தூண்டல்களால் அலைக்கழிக்கப்பட்டு, சுருங்கவும் மாட்டாமல் ஓயவும் மாட்டாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. இடைக்கணு அவற்றுள் சிலவற்றையே கீழே விடுவதால் உயிர்க்கு உடனடியான அபாயம் நேர்வதில்லை எனினும், மணிக்கட்டில் விரல்வைத்து நாடி பார்ப்பவர்க்கு ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எந்தக் கணக்கும் அகப்படுவதில்லை.

இந்நாடியைக் கண்ட பிரிட்டிஷ் வைத்தியர் ஜேம்ஸ் மெக்கன்சி, கழுத்துச் சிரையின் அலைகளைப் பதிவுசெய்து, மேலறைக்குரிய அலை மறைந்திருத்தலைக் கவனித்து, மேலறை செயலற்றுப் போயிற்று என்று கருதினார். 1909-இல் லண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ரோத்பெர்கர், விண்டர்பெர்க் ஆகியோரும் மின்பதிவுக் கருவியின் துணையால், அது செயலற்றுப் போகவில்லை, உதறிக்கொண்டிருக்கிறது என்று நிலைநாட்டினர்.

உதறுவதற்குக் காரணம் யாது என்பதில் இரு கருத்துகள் எழுந்தன. ஏதோ ஓர் இடத்திலிருந்து மிக வேகமாகக் கிளம்பும் தூண்டலே காரணம் என்பது ஒன்று. மேலறை முழுவதும் ஓடித் திரியும் பல அலைகள், ஒன்று அவிந்தால் மற்றொன்று மூண்டு, தம்மைத் தாமே வளர்த்துக்கொள்கின்றன என்பது மற்றொன்று. உதறிக்கொண்டிருக்கும் தசையைச் சிறு துண்டுகளாக்கினால் உதறல் நின்றுவிடுகிறது, பெருந்துண்டில் மட்டுமே அது நிலைக்கிறது என்று 1914-இல் கேரி காட்டியதும், 1960-களில் கார்டன் மோ கணிப்பொறியின் துணைகொண்டு அதே கருத்தை வலியுறுத்தியதும், இரண்டாவது கட்சிக்குப் பெரும் பலத்தைத் தந்தன. அதன் தர்க்கரீதியான முடிவாக, 1987-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காக்ஸ் என்னும் அறுவை வைத்தியர், எந்த அலையும் சுற்றிவர இடமில்லாதபடி மேலறைகளைப் பல கோடுகளாக அறுத்துத் தைத்து, ஒரு சுற்றுவழிக் கோட்டையைப்போல் ஆக்கினார். சிகிச்சை பலித்தது. ஆயினும், நான்கு நுரையீரல் சிரைகளும் நுழையும் பின்சுவரைத் தனியே பிரித்து வைப்பதும் அவருடைய கோடுகளுள் ஒன்றாக இருந்தது என்பதையும், அவ்வொரு கோட்டுக்கு இருந்த விசேஷ மதிப்பு அன்று முற்றிலும் உணரப்படவில்லை என்பதையும் இங்கே மனத்தில் இருத்துதல் வேண்டும்.

சிரைகளின் வாய்

பெரும்பான்மையோர்க்கு இடது மேலறையில் நான்கு நுரையீரல் சிரைகள் வந்து சேர்கின்றன: வலத்தே இரண்டு, இடத்தே இரண்டு. மேற்சிரைகள் முன்னோக்கி மேலே செல்ல, கீழ்ச்சிரைகள் பின்னோக்கிச் சாய்கின்றன. சிலருக்கு இடப்புறச் சிரைகள் இரண்டும் ஒன்றுகூடி ஒரே வாயாகத் திறப்பதும், சிலருக்கு வலப்புறத்தில் நடுவே மூன்றாவது சிரையொன்று தனியே நுழைவதும் உண்டு. ஆகையால் சிகிச்சைக்கு முன் ஒவ்வொரு நோயாளியின் அறையையும் சி.டி. படமாகவோ எம்.ஆர்.ஐ. படமாகவோ எடுத்துப் பார்த்தல் பல இடங்களில் வழக்கமாயிற்று.

சிரை என்பது வெறும் குழாய் அன்று. மேலறையின் தசை, வாயோடு நின்றுவிடாமல், சட்டையின் கை தோளிலிருந்து கீழே நீளுவதுபோல், சிரையின் வெளிப்புறத்தைப் போர்த்திக்கொண்டு ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை நீளுகிறது. மேற்சிரைகளில் அதிகமாகவும் கீழ்ச்சிரைகளில் குறைவாகவும் நீண்டு, போகப்போக மெலிந்து மறைகிறது. அத்தசையின் நார்கள் ஒரே திசையில் ஓடாமல் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கிடப்பதால், தூண்டல் ஓரிடத்தில் தயங்கி வேறோரிடத்தில் திரும்பிப் பாய்வதற்கு ஏற்ற களமாகவும் அது அமைகிறது. கல்கத்தாவில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்தவரும் இந்தியப் பாம்புகளின் விஷத்தை ஆராய்ந்து புகழ்பெற்றவருமான ஜோசப் ஃபேரர், லாடர் பிரண்டனுடன் சேர்ந்து, மிருகங்களின் நுரையீரல் சிரைகள் இருதயத்தை எதிர்பாராமல் தாமே துடிக்கக் காண்கிறோம் என்று 1876-இலேயே எழுதினார். 1966-இல் நாதன், எலியாகிம் என்ற இருவர் மனித இருதயங்களை அறுத்துப் பார்த்து, இத்தசைப் போர்வையின் நீளத்தையும் அமைப்பையும் விரிவாக வெளியிட்டனர். இவ்விரண்டு செய்திகளும், யாருக்கும் உடனடிப் பிரயோஜனம் இல்லாத சரீர அமைப்புக் குறிப்புகளாகவே கிடந்தன.

அவற்றுக்கு உயிர் கொடுத்தவர் பிரான்ஸில் போர்தோ நகரத்து வைத்தியர் மிஷேல் ஹைசகேர். அடிக்கடி வந்துபோகும் மேலறை உதறலால் வருந்திய 45 நோயாளிகளிடம், உதறலைத் தொடங்கிவைக்கும் முதல் அகாலத் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவரும் அவருடைய தோழர்களும் தேடி, 1998-இல் தம் முடிவை வெளியிட்டனர். கண்டறிந்த 69 ஊற்றுகளில் 65, அதாவது நூற்றுக்கு 94, நுரையீரல் சிரைகளுக்குள்ளேயே இருந்தன: இடது மேற்சிரையில் 31, வலது மேற்சிரையில் 17, இடது கீழ்ச்சிரையில் 11, வலது கீழ்ச்சிரையில் 6. தசைப் போர்வை மேற்சிரைகளிலே நீண்டது என்ற அமைப்புச் செய்தியோடு இவ்வெண்களை ஒப்புநோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வது விளங்கும்.

சிரைகள் இவ்வாறு நடந்துகொள்வதற்குக் காரணம் கருவின் வரலாற்றிலே தேடப்படுகிறது. கருவில் ஒரே சிரையாகத் தோன்றும் நுரையீரல் சிரை, அறை வளர வளர அதனுள் இழுத்துக்கொள்ளப்பட்டு, வழவழப்பான பின்சுவரின் ஒரு பாகமாக மாறுகிறது. இடப்புறத்தில் மற்றொரு சைனஸ் கணு உருவாகாமல் தடுக்கும் பொறுப்பை ஏற்றுள்ள ஜீன் பிட்எக்ஸ்2 எனப்படும். 2007-இல் ஐஸ்லாந்து நாட்டில் செய்த மரபணு ஆராய்ச்சியில், மேலறை உதறலோடு தொடர்புடையதாகத் தெரிந்த இடம் இந்த ஜீனுக்கு அருகிலேயே இருந்தது.

வேலியிடும் இடம்

ஊற்று சிரைக்குள் இருக்கிறதென்று தெரிந்ததும், சிரைக்குள்ளேயே சென்று அதைச் சுடுவதே நேர்வழியென்று முதலில் தோன்றிற்று, சுட்டார்கள். மெல்லிய சுவருடைய சிரை, சூடுபட்ட இடத்தில் தழும்பேறிச் சுருங்கி, இரத்த ஓட்டத்தைத் தடுத்தது. சில நோயாளிகள், பழைய நோய் தீர்ந்தும் தீராமலும், மூச்சுத்திணறலும் இரத்த இருமலுமாகிய புதுநோயோடு திரும்பினர். இவ்வனுபவமே வைத்தியர்களைச் சிரையிலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து வாயைச் சூழ்ந்த புனல்போன்ற முன்வாயிலுக்கும் பின்வாங்கச் செய்தது. இன்று வேலி மேலறையின் பக்கமாகவே இடப்படுகிறது. ஊற்றைத் தேடி அழிப்பதைவிட, சிரைகளை மொத்தமாகப் பிரித்துவைப்பதே சிகிச்சையாகிவிட்டது.

ஆனால் வேலியிடும் நிலம் சமதளமன்று. இடப்புறச் சிரைகளின் வாய்க்கும், மேலறையின் முன்னே தொங்கும் செவிமடல் போன்ற பைக்கும் இடையே குறுகிய மேடொன்று ஓடுகிறது. எதிரொலிப் படத்தில் சிறு கட்டியாகத் தோன்றும் இம்மேட்டை இரத்தக் கட்டியென்று மயங்கிய வைத்தியர்கள், நோயாளிக்குக் கூமடின் என்னும் உறைவெதிர்ப்பு மருந்தை வீணே கொடுத்து வந்ததால், கூமடின் மேடு என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இம்மேட்டின் சரிவு, வரப்பின்மேல் நடப்பவனுடைய கால் வழுக்குவதுபோல், கதீட்டரின் நுனி ஒருபுறம் சிரைக்குள்ளோ மறுபுறம் பைக்குள்ளோ நழுவும்படி செய்கிறது. நழுவிய இடத்தில் வேலி முழுமையடைவதில்லை. மேட்டின் மடிப்புக்குள்ளேயோ, 1850-இல் ஜான் மார்ஷல் விவரித்த சிறு சிரையும் நாரும் ஓடுகின்றன; கருவில் இருந்து மறைந்த இடது மேற்பெருஞ்சிரையின் எச்சமாகிய இதுவும், தசை நார்களையும் நரம்புகளையும் கொண்டு, உதறலின் ஊற்றாக அமைவதுண்டு.

சிகிச்சைக்குப் பின் உதறல் திரும்பிவந்தவர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, பெரும்பாலோரிடம் அறுந்த தொடர்பு ஏதோ ஓர் இடைவெளியில் ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டார்கள். சிகிச்சையின்போது வீங்கிய தசை தற்காலிகமாகத் தூண்டலைத் தடுத்து, வேலி முற்றுப்பெற்றதுபோல் மயக்குகிறது; வீக்கம் வற்றியதும் வழி திறக்கிறது.

உள்ளே செல்லும் வழி

தொடைச்சிரையில் புகுந்த கதீட்டர் கீழ்ப்பெருஞ்சிரை வழியே வலது மேலறையை அடையும். அங்கிருந்து இடது மேலறைக்குச் செல்ல, இரண்டையும் பிரிக்கும் சுவரில் ஊசியால் துளையிடவேண்டும். ஜான் ராஸ் 1959-இல் வெளியிட்ட இம்முறையின் பாதுகாப்பு முழுவதும் சுவரைப் பற்றிய ஓர் உண்மையைச் சார்ந்தது. பார்வைக்கு அகன்ற சுவராகத் தோன்றுவதன் பெரும்பகுதி, சுவரே அன்று. வெளிப்புறத்திலிருந்து உள்மடிந்த தசை, நடுவே கொழுப்பு நிரம்பியது. அதைத் துளைக்கும் ஊசி ஓர் அறையிலிருந்து வெளியேறி, இருதயத்தின் புறத்தே போய், மற்றோர் அறைக்குள் நுழைகிறது. கசியும் இரத்தம் இருதய உறைக்குள் சேர்ந்து துடிப்பையே நெருக்கிவிடும். மெய்யான சுவர், கருவில் இரத்தம் கடந்த வழி அடைபட்ட நீள்வட்டக் குழியின் மெல்லிய தளமும் அதன் கீழ்விளிம்பும் மட்டுமே. குழிக்கு முன்னேயோ பெருந்தமனியின் அடிப்பாகம் அமர்ந்திருக்கிறது.

ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு அக்கருவழி முற்றும் மூடாமல் சிறு பிளவாக எஞ்சியிருக்கும். ஊசியின்றியே நுழைய வழி கிடைத்ததே என்று மகிழ்வதற்கில்லை. அப்பிளவு மேலும் முன்னும் நோக்கிச் செல்வதால், அதன் வழியே புகுந்த கதீட்டருக்குப் பின்னே சாய்ந்திருக்கும் வலது கீழ்ச்சிரையை எட்டுதல் கடினம். அனுபவமுள்ள கை, குழியின் கீழும் பின்னுமாக ஓரிடத்தைத் தேர்ந்து துளைப்பது இதனாலேயே.

அண்டை அயலார்

இடது மேலறையின் பின்சுவர் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதற்குப் பின்னே, இருதய உறையும் சிறிது கொழுப்பும் மட்டும் இடையிட, உணவுக்குழல் செங்குத்தாக இறங்குகிறது. சிலரிடம் இவ்விடைவெளி ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. விழுங்கும்போதும் மயக்க நிலையிலும் அது பக்கவாட்டில் நகர்வதால், முன்னர் எடுத்த படத்தை முற்றும் நம்பவும் இயலாது. பின்சுவரில் இட்ட சூடு உணவுக்குழலைத் தாக்கினால், சில வாரங்களுக்குப் பின்னர் அதற்கும் மேலறைக்கும் இடையே புரை ஏற்பட்டு, காற்றும் கிருமியும் இரத்தத்தில் கலந்து உயிர்க்கு இறுதியாகலாம். 2004-இல் முதன்முதல் வெளியான இச்செய்தி, ஆயிரத்தில் ஒருவருக்கும் நேராத அரிய விபத்தைப் பற்றியதே எனினும், உலகெங்கும் பின்சுவரில் சூட்டின் அளவைக் குறைக்கவும், உணவுக்குழலில் வெப்பமானி வைக்கவும் வைத்தியர்களைத் தூண்டிற்று. சிகிச்சை முடிந்து சில வாரங்களில் காய்ச்சலோ நெஞ்சுவலியோ விழுங்குவதில் நோவோ தோன்றினால் உடனே தெரிவிக்கவேண்டும் என்று நோயாளிக்கு வற்புறுத்திச் சொல்வதும் இதனாலேயே.

வலப்புறத்து அயலார் உதரவிதான நரம்பு. மேற்பெருஞ்சிரையை ஒட்டி இறங்கி, வலது மேற்சிரையின் வாயருகே கடக்கும் இந்நரம்பை, சிரையின் வாயில் வைத்து ஊதிய பலூனால் உறையவைக்கும் முறையில் குளிர் எட்டிவிடுவதுண்டு. அதனால் வைத்தியர், மேற்பெருஞ்சிரையில் வைத்த கதீட்டரால் நரம்பை இடைவிடாது தூண்டி, உதரவிதானம் துள்ளுவதை நோயாளியின் வயிற்றில் கைவைத்து உணர்ந்துகொண்டே உறையவைக்கிறார். துள்ளல் தளர்ந்தால் அந்தக் கணமே குளிர் நிறுத்தப்படுகிறது. விலையுயர்ந்த கருவிகளுக்கு நடுவே, கையால் தொட்டுப் பார்த்தல் என்ற பழைய பரீட்சை இவ்வாறு நிலைபெற்றிருக்கிறது.

முன்னே தொங்கும் செவிமடல் போன்ற பை, சூட்டினும் வேறான காரணத்தால் கவனத்துக்குரியது. உதறும் மேலறையில் இரத்தம் தேங்குமிடம் அதுவே. வால்வு நோயற்றவர்களில் இடது மேலறையில் உண்டாகும் கட்டிகளுள் பத்தில் ஒன்பது அங்கேதான் உறைகின்றன. கோழிச்சிறகு, கள்ளி, காற்றுப்பை, காலிஃபிளவர் என்று அதன் வடிவங்களுக்கு நிபுணர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். கட்டியிருக்கும்போது கதீட்டரை உள்ளே கொண்டுசெல்வது பக்கவாதத்தைக் கூவி அழைப்பதாகும். ஆகவே கட்டி உண்டோ என்ற ஐயமுள்ளவரிடம், உணவுக்குழல் வழியே எடுக்கும் எதிரொலிப் படத்தால் இப்பையை முதலில் நோக்குகிறார்கள்.

சிரைகளுக்கு அப்பால்

அவ்வப்போது வந்துபோகும் உதறலுக்குச் சிரைகளைப் பிரித்தல் பெரும்பாலும் போதுமானது. மாதக்கணக்கில் நீடித்த உதறலிலோ, அறை விரிந்து, தசைக்கிடையே நார்த்திசு பெருகி, மேலறை முழுவதுமே குற்றவாளியாகிவிடுகிறது. அங்கே காக்ஸின் கோடுகளைக் கதீட்டரால் வரைய முயன்றார்கள். வலது மேலறையில் மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் இடையிலுள்ள குறுகிய பூசந்தியை ஒரே கோட்டால் அறுத்து, ஃப்ளட்டர் என்னும் மற்றோர் ஒழுங்கின்மையை ஏறக்குறைய முற்றும் குணப்படுத்திய வெற்றி, இடப்புறத்திலும் அவ்வாறே ஆகும் என்ற நம்பிக்கையைத் தந்தது.

நிலம் இடங்கொடுக்கவில்லை. ஈரிதழ் வால்வுக்கும் இடது கீழ்ச்சிரைக்கும் இடையிலுள்ள பகுதியில், வெளிப்புறமாக ஓடும் இருதயச் சிரைகளின் இரத்தம் சூட்டை ஆற்றிவிடுகிறது. அருகே சுற்றுத்தமனியும் செல்வதால் சூட்டை மிகுதிப்படுத்தவும் அச்சம். மேற்கூரையிலோ, உட்புறத் தசையைக் கோடாகச் சுட்டாலும், அதன்மேல் வேறொரு தசைக்கற்றை வெளிப்புறமாகப் பாலமிட்டுத் தூண்டலைக் கடத்திவிடுகிறது. மேலறைச் சுவர் ஒற்றைப் படலமென்று எண்ணி வரைந்த கோடு, அது அடுக்கடுக்கானது என்ற உண்மையின்முன் தோற்றது. 589 நோயாளிகளைக் கொண்டு 2015-இல் வெளியான ஸ்டார் ஏ.எஃப். 2 என்னும் பரீட்சையில், சிரைகளை மட்டும் பிரித்தவர்களைவிட, கோடுகளோ பிற சூடுகளோ கூடுதலாகப் பெற்றவர்கள் நன்மையடைந்ததாகக் காணவில்லை. அதிகம் சுடுவது அதிகம் குணமாக்கும் என்ற எண்ணத்துக்கு அது பெரிய அடி.

நம் நாட்டுக்கு இங்கே ஒரு தனிச்செய்தி உண்டு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு குறுகி, அதனால் இடது மேலறை பலூன்போல் ஊதி உதறலுக்கு ஆளானவர்கள் இந்தியாவில் ஏராளமானோர். அவர்களிடம் நோயின் வேர் வால்விலும், ஆண்டுக்கணக்கில் தழும்பேறிய அறையிலும் இருக்கிறது. மேல்நாட்டு நோயாளிகளின் மெல்லிய, பெரும்பாலும் இயல்பான அறையில் பெற்ற வெற்றியை அவர்களுக்கும் உரியதென்று கணக்கிடுதல் பொருந்தாது.

புதிய கருவியும் பழைய வரைபடமும்

இப்போது வந்துள்ள துடிப்பு மின்புல முறை, உஷ்ணத்தையோ குளிரையோ நாடாமல், மிகக் குறுகிய நேர மின்னதிர்வுகளால் உயிரணுக்களின் மேற்படலத்தில் துளைகளை உண்டாக்கி அவற்றை மாய்க்கிறது. இருதயத் தசையணு குறைந்த மின்புலத்திலேயே மடிவதால், அருகேயுள்ள உணவுக்குழலும் நரம்பும் பெரும்பாலும் தப்புகின்றன. 607 நோயாளிகளைக் கொண்டு 2023-இல் வெளியான அட்வென்ட் பரீட்சையில் இம்முறை பழைய முறைகளுக்குக் குறைந்ததன்று என்று தெரிந்தது. எனினும், தமனிக்கு அருகே பிரயோகித்தால் அது இசிவு கொள்வதும், பல அதிர்வுகளால் சிவப்பணுக்கள் சிதைவதும் அறியப்பட்டிருக்கின்றன. அண்டை அயலாருள் சிலர் பழைய கவலைப் பட்டியலிலிருந்து நீங்க, வேறு சிலர் சேர்ந்திருக்கிறார்கள். பட்டியல் இல்லாத சிகிச்சை பிறந்துவிடவில்லை.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கினால், ஒவ்வொரு கருவியும் தன் காலத்தில் எதிர்கொண்ட தடை, நிலத்தை அறியாமையாலேயே வந்தமை தெளிவாகும். சிரையின் சுவர் மெல்லியது என்பதைச் சிரை சுருங்கியபோதும், உணவுக்குழலின் அண்மையைப் புரை ஏற்பட்டபோதும், கூரையின் அடுக்குகளைக் கோடு தோற்றபோதும் உணர்ந்தோம். இவ்வறிவில் பெரும்பகுதி புதிதன்று. பிரண்டனும் ஃபேரரும் எழுதியது 122 ஆண்டுகளும், நாதனும் எலியாகிமும் எழுதியது 32 ஆண்டுகளும், படிப்பாரைக் காத்துக் கிடந்தன. மார்ஷல் 1850-இல் சுட்டிக்காட்டிய அச்சிறு சிரைக்குள் இன்று சாராயத்தைச் செலுத்தி, கதீட்டரின் சூடு எட்டாத தசையை உள்ளிருந்தே மாய்க்கிறார்கள். நீடித்த உதறலுக்குச் சிரைகளைப் பிரிப்பதோடு இதனையும் சேர்த்தால் பயன் கூடுகிறதென்று 2020-இல் ஒரு பரீட்சை காட்டிற்று. அதற்கு 170 ஆண்டுகளுக்கு முன் பிரேதத்தை அறுத்து, கருவில் இருந்து மறைந்துபோன ஒரு நாளத்தின் எச்சத்தை மெனக்கெட்டு எழுதிவைத்தவர், அது எந்த நோயைத் தீர்க்கும் என்று கேட்டிருந்தால், அவரால் விடை சொல்லியிருக்க முடியாது.